பொதிப்பாறைச் சாமிக்குச் சத்தம் ஆகாது

முனீஸ்வரியின் ஸ்கூட்டர் தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்டாலே கரட்டுப்பட்டியில் பாதிப் பேருக்கு ரத்த அழுத்தம் ஏறிவிடும். மீதிப் பேர் ஊறுகாய்ப் பாட்டிலை எடுத்து ஒளித்து வைப்பார்கள். வீடு வீடாகப் போய்க் கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்ப்பதும், பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொடுப்பதும் அவள் வேலை. கடமலைக்குண்டிலிருந்து மூல வைகையைத் தாண்டி மலையடிவாரம் வரைக்கும் சிதறிக் கிடக்கிற குடியிருப்புகள் எல்லாம் அவள் பொறுப்பு.

"என்னத்தா, இன்னைக்கும் கூடவா?" என்பார் கோடாங்கி முத்துக்கருப்பன். ஊருக்குக் குறி சொல்கிறவர் அவர்தான். அவர் உடுக்கையை எடுத்தால் ஆண்டிபட்டிக் கணவாயில் படுத்திருக்கும் மாடு எழுந்து நிற்கும் என்பார்கள். அப்பேர்ப்பட்டவர் அவளிடம் கையை நீட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். "நீ வந்தா ஏறுது, போனா எறங்குது. பிழை மிசின்லயா, ஒன்கிட்டயா?"

"கருவாட்டுல, மாமா."

அவளுக்குச் சம்பளமில்லாத இன்னொரு வேலையும் உண்டு. அது தொடங்கியது ஒரு மாசி மாதம், வண்டி பஞ்சரான அன்றைக்கு. ஆள் வரும்வரை ஒரு புரசமரத்தடியில் உட்கார்ந்தாள். மரத்தில் மருந்துக்குக்கூட ஓர் இலை இல்லை. கிளைநுனி வரைக்கும் பூ. கரிச்சானும் மைனாவும் தவிட்டுக்குருவியும், கள்ளுக்கடை திறந்த முதல் நாள் போல, ஒன்றை ஒன்று நெட்டித் தள்ளிக்கொண்டு தேன் குடித்தன. ஒரு மைனா நெற்றி நிறைய மஞ்சளை அப்பிக்கொண்டு பூவுக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்து அவளைப் பார்த்தது. பஞ்சர் ஒட்டியவன், "அக்கா, போலாம்" என்றான். "இருப்பா" என்றாள். அந்த 'இருப்பா' இன்றுவரை முடியவில்லை.

அதன் பிறகு மாதங்களெல்லாம் அவளுக்கு வேறு மாதிரி வரத் தொடங்கின. மாசி என்றால் புரசு. பங்குனி என்றால் இலவங்காய் வெடித்துப் பஞ்சு பறக்கும். வேப்பம்பூ உதிர்ந்து ஓடைக்கரையெல்லாம் பொரி தூவியது போல் கிடக்கும். ஆற்றின் ஈரமணலில் வெள்ளையும் மஞ்சளுமாகப் பட்டாம்பூச்சிகள் இறக்கையை மடித்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்து உப்பு உறிஞ்சும். சித்திரையில் கொன்றை பூக்கும், மாந்தோப்பில் மாங்குயில் கூப்பிடும். குளிருக்கு வந்திருந்த ஆறுமணிக்குருவி ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் வடக்கே கிளம்பிவிடும். வைகாசியில் காற்று திரும்பும்போது நீலவரியன் பட்டாம்பூச்சிகள் ஆற்றைத் தாண்டிக் கூட்டங்கூட்டமாய்ப் போகும்.

இந்தப் பெயரெல்லாம் அவளுக்குப் பிறந்தபோதே தெரிந்தவை அல்ல. தேனிக் கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற ஞானசெல்வி பறவை, பூச்சி பார்க்கிறவர்களுக்காக நடத்தும் வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டுப் போட்டுத் தெரிந்துகொண்டாள். ஒரு முறை வெந்தயவரியனை 'தமிழ் மறவன்' என்று போட்டுவிட்டாள். "முனீஸு, தமிழ் மறவன் நம்ம மாநிலப் பட்டாம்பூச்சி, எருக்கஞ்செடியில எல்லாம் வந்து உக்காராது" என்று ஞானசெல்வி குரல்பதிவில் சிரித்தது முனீஸ்வரியின் புருஷன் ராஜபாண்டிக்கும் கேட்டுவிட்டது.

ராஜபாண்டி குட்டியானை வண்டியில் இலவம்பஞ்சு மூட்டை ஏற்றிப் போகிறவன். "ரோட்டுல போற மனுசி குண்டு குழியப் பாக்கணும். நீ பூச்சியப் பாக்குற. என்னைக்காச்சும் பூச்சியே ஒன்னைய ஆஸ்பத்திரியில வந்து பாக்கப் போகுது" என்பான்.

"வெறுங்கையோட வராது. ஆரஞ்சு வாங்கிட்டு வரும்."

இப்படிச் சிரிப்பும் கேலியுமாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான், போன பங்குனியில், பாறை கண் திறந்தது.

கரட்டுப்பட்டிக்கு மேற்கே ஓடையை ஒட்டிப் பொதிப்பாறை என்று ஒன்று உண்டு. கழுதை மேல் ஏற்றிய பொதி போல் நடுவில் அமுங்கி இரண்டு பக்கமும் பிதுங்கியிருக்கும். என்றைக்கோ எவனோ எழுதிவிட்டுப் போன சிமெண்டு விளம்பரத்தின் பாதி எழுத்து இன்னும் அதன் முகத்தில் இருக்கிறது. ஆட்டுக்கிடைக்காரர் ஒருவருக்குச் சர்க்கரை மாத்திரை கொடுக்க உச்சிவெயிலில் அந்த வழியே நடந்தவள், பாறையிடுக்கில் ஒரு கல் இரண்டு கண்ணைத் திறந்து தன்னைப் பார்ப்பதைக் கண்டாள். காளவாசலில் வேகிற செங்கல் நிறத்தில் கண். அதற்கு மேலே இரண்டு கொம்பு. முனீஸ்வரி ஓரடி பின்னால் வைத்தாள். பிறகுதான் அது கொம்பன் ஆந்தை என்று புத்திக்கு எட்டியது. அதன் காலடியில் இலவம்பஞ்சை உருட்டிக் கண் ஒட்டி வைத்தது மாதிரி இரண்டு குஞ்சுகள்.

படம் எடுத்தாள். கை சும்மா இருந்திருக்கலாம். குழுவில் போட்டதோடு நிற்காமல், 'எங்க ஊரு ராசாத்தி' என்று எழுதித் தன் ஸ்டேட்டஸிலும் வைத்தாள். அன்றைக்கு முழுவதும் ஊர் உறவெல்லாம் அதைப் பார்த்தது. பார்த்தது மட்டுமில்லை, எடுத்து வேறு வேறு ஆளுக்கு அனுப்பியது.

மறுநாள் காலை ஞானசெல்வியிடமிருந்து அழைப்பு வந்தது. வழக்கமாக 'ஸ்தோத்திரம் முனீஸு' என்று ஆரம்பிக்கிறவர் எடுத்த எடுப்பில், "அந்தப் படத்தை எடுத்திரு" என்றார்.

"ஏங்க்கா, நல்லா விழலையா?"

"நல்லா விழுந்ததுதான் வினை. கூடு இருக்கிற படம் போடக் கூடாதுன்னு எத்தனை வாட்டி சொல்லியிருக்கேன். ஆந்தைய மாந்திரீகத்துக்குப் பிடிச்சு விக்கிற ஆளுக இருக்காங்க. கொம்பு வச்சதுன்னா கேக்கவே வேணாம். ஒன் படத்துல சிமெண்டு விளம்பரம் வேற பளிச்சுன்னு தெரியுது. அந்தப் பாறைய எவனும் கண்டுபிடிச்சிருவான்."

முனீஸ்வரி படத்தை அழித்தாள். அழித்த கையோடு ஒரு புது எண்ணிலிருந்து அழைப்பு.

ஒரு செருமல். பிறகு, "அக்கா, நான் போட்டோகிராபர். ஆந்தை போட்டோ பாத்தேன். எங்கன இருக்குன்னு சொன்னீகன்னா வந்து எடுத்துக்கிருவேன்."

"அது போயிருச்சுண்ணே."

மறுபடி செருமல். "குஞ்சு இருக்கையில எப்படிக்கா போகும்? சரி, தாய் எம்புட்டு எடை இருக்கும்?"

போட்டோ எடுக்கிறவனுக்கு எடை எதற்கு? முனீஸ்வரி போனை அணைத்தாள். அன்றைக்கு யாருக்கு எந்த மாத்திரை கொடுத்தோம் என்று இரண்டு தடவை சரிபார்க்க வேண்டியிருந்தது.

வனத்துறைக்காரரிடம் சொன்னாள். மலையில் தீ விழுகிற காலம். இருக்கிற நாலு ஆளும் தீத்தடுப்புக் கோட்டில் கிடந்தார்கள். "தோதுப்படுறப்ப வந்து பாக்குறோம்மா. புது ஆளு நடமாட்டம் தெரிஞ்சா போன் பண்ணு" என்றார். பாவம், அவர் முகத்தில் கரிதான் இருந்தது, ஏமாற்று இல்லை. குஞ்சுகள் பறக்க வைகாசி ஆகிவிடும். அதுவரைக்கும் அந்தப் பாறையை யார் காப்பது? வேலைக்குப் போகிற வழியில் ஒரு தரம், திரும்புகிற வழியில் ஒரு தரம் ஓடையோரம் வண்டியை நிறுத்தினாள். ஓடைக்குள் எந்த மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டாலும் எட்டிப் பார்த்தாள். மரத்தில் மாங்குயில் வந்து உட்கார்ந்தாலும் அவள் கண் மரத்துக்குப் போகவில்லை, சக்கரத்தடத்துக்குத்தான் போனது.

"நீதான் அழிச்சிட்டியே, பெறகு என்ன?" என்றான் ராஜபாண்டி.

"போன்ல அழிச்சேன். அவன் மண்டையில இருக்கிறத யாரு அழிக்கிறது?"

யோசித்து யோசித்துக் கடைசியில் அவளுக்கு ஒரு வழி தோன்றியது. ஊர் முழுக்க ஒரு பயத்தைப் போட்டுவிட்டால், புது ஆள் எவன் வந்து வழி கேட்டாலும் ஊரே காட்டாது. பயத்தைப் போடுவதற்கு ஏற்ற ஆள் சுப்புத்தாய். இலவம்பஞ்சு அடிக்கிற களத்தில் வேலை. காதில் ஒரு சொல் விழுந்தால் அது வருசநாட்டுப் பஸ்ஸுக்கு முன்னால் வருசநாடு போய்ச் சேரும்.

சுப்புத்தாயின் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தபடியே முனீஸ்வரி குரலைத் தாழ்த்தினாள். "மதினி, யார்ட்டயும் சொல்லிராதீக. உச்சிப்பொழுதுல பொதிப்பாறைப் பக்கம் போனேன். பாறை ரெண்டாப் பொளந்த மாதிரி இருந்துச்சு. உள்ள ஒரு உருவம். கண்ணு ரெண்டும் காளவாச நெருப்பு. தலையில கொம்பு. 'இங்கன எவனும் வரக்கூடாது'ன்னுச்சு. திரும்பிப் பாக்காம ஓடியாந்துட்டேன்."

சுப்புத்தாயின் அழுத்தம் அந்த நிமிஷமே மேலே போனதைக் கருவி காட்டியது. ஆக, மருந்து வேலை செய்கிறது என்று முனீஸ்வரி மனசுக்குள் தட்டிக்கொடுத்துக்கொண்டாள்.

அங்கேதான் பிசகினாள். இந்தச் சீமையிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். வேறு ஊராய் இருந்தால், வராதே என்று ஒரு சாமி சொன்னால் வரமாட்டார்கள். இங்கே அது பத்திரிகை அடித்து அழைத்த மாதிரி. மூன்றாம் நாள் பாறையில் வெள்ளையும் காவியும் பட்டை பட்டையாக ஏறின. சிமெண்டு விளம்பரம் மறைந்தது ஒன்றுதான் லாபம். நாலாம் நாள் ஒரு சூலாயுதம் ஊன்றினார்கள். வார முடிவில் மணி கட்டியாயிற்று. பொதிப்பாறையான் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். கண்டமனூர்ப் பக்கத்துக்காரர் ஒருவருக்குத் தொலைந்த மாடு கிடைத்ததாம், பேச்சு வராத பிள்ளை அம்மா என்றதாம். அதெல்லாம் யார் கிளப்பியது என்று முனீஸ்வரிக்கே தெரியவில்லை. அவள் விட்ட கதை அவளைவிட வேகமாக ஓடிக்கொண்டிருந்தது.

பொங்கல் வைப்பது என்று முடிவானதும் முத்துக்கருப்பனின் வீட்டுக்கு ஓடினாள்.

"மாமா, வீரபாண்டித் திருவிழா முடிஞ்சு வச்சுக்கிடலாமே. எல்லாரும் ஓய்வா இருப்பாக." மனசுக்குள் குஞ்சுகளின் இறக்கையை அளந்துகொண்டிருந்தாள்.

"அது ஆகாதுத்தா. அங்கன கௌமாரியம்மனுக்குத் திருவிழாச் சாட்டிட்டாகன்னா இங்கன வேற சாமிக்குப் பொங்க வைக்கப்படாது. அதுக்கு முன்னாடி முடிச்சுப்புடணும். வர்ற செவ்வாய் நல்லாருக்கு."

"அப்ப மைக்செட்டு, வேட்டு எல்லாம் வேணாம் மாமா. அந்தச் சாமிக்குச் சத்தம் ஆகாதாம்."

"எவனும் வரக்கூடாதுன்னுதான சொல்லுச்சுன்ன? சத்தத்தப் பத்தி ஒண்ணும் சொல்லலையே."

"இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு."

"தவணை முறையில பேசுற சாமிய நான் இப்பத்தான் பாக்குறேன். எவனும் வராதன்னா எல்லை கேக்குதுன்னு அர்த்தம். பாறையச் சுத்திச் சுண்ணாம்புக் கோடு போட்டுரலாம். கோடாங்கி தவிர எவனும் அதத் தாண்டப்படாது. போதுமா?"

கோடு போடுகிறார்களே, அந்த மட்டுக்கும் நல்லது என்று வந்தாள். வந்தவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை, சோறு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் அடிவாரம் ஜேஜே என்றிருந்தது. வரிசையாய் அடுப்புக் கூட்டியிருந்தார்கள். மைக்செட்டுக் கர்ணன் ஒரு குழாய் ஸ்பீக்கரைக் கொண்டுவந்து நேராகப் பாறை முகத்துக்கு எதிரே கட்டினான்.

"தம்பி, குழாயை ஊர்ப் பக்கம் திருப்பு. நடக்க முடியாம வீட்டுல கெடக்கிற பெருசுகளுக்கும் கேக்கணும்ல."

"சாமிக்குக் கேக்க வேணாமாக்கா?"

"சாமிக்குக் காது நல்லா கேக்கும். அழுத்தம் பாத்தவ சொல்றேன்."

கர்ணன் சிரித்துக்கொண்டே திருப்பினான். அவள் பாறையிடுக்கை ஓரக்கண்ணால் பார்த்தாள். மேலே, காவிப் பட்டைக்கும் உயரத்தில், நிழலோடு நிழலாக அது இருந்தது. கண்ணை இறுக்கி மூடி, கல் மாதிரி. இவ்வளவு கூட்டத்தையும் பொறுத்துக்கொண்டு நகராமல் உட்கார்ந்திருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் ராசாத்தி, பானை பொங்கிட்டா எல்லாரும் போயிருவாக என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

பானை பொங்குவதற்கு முன்னால் எவனோ ஒரு அதிர்வேட்டைக் கொளுத்திவிட்டான்.

மலை இரண்டு தடவை திருப்பிச் சொன்னது. பாறையிடுக்கிலிருந்து, வண்டிப்படுதா அகலத்துக்கு இறக்கையை விரித்துக்கொண்டு, தாய் ஆந்தை பகல் வெளிச்சத்தில் கூட்டத்தின் தலைக்கு மேலே சத்தமே இல்லாமல் மிதந்து போனது. காக்கைகள் விரட்டிக்கொண்டு போயின. "சாமி பறக்குது" என்று ஒரு கிழவர் கையெடுத்தார். பெண்கள் குலவை போட்டார்கள்.

எல்லார் தலையும் வானத்தைப் பார்த்தது. இரண்டு பேர் மட்டும் தரையைப் பார்த்தார்கள். ஒருத்தி முனீஸ்வரி; வேட்டுச் சத்தத்தில் மிரண்ட குஞ்சு ஒன்று விளிம்பைத் தாண்டிக் கால் வைத்து, சரிவில் உருண்டு, கோட்டுக்கு உள்ளே உடைமுள் புதருக்குள் விழுந்ததை அவள் பார்த்திருந்தாள். மற்றவன் கூட்டத்தின் ஓரத்தில் நின்ற, ஊருக்குப் புதிதான ஆள். கட்டம்போட்ட சட்டை. கக்கத்தில் மடித்த சாக்கு. பக்கத்தில் இருந்தவரிடம் ஒரு செருமல் செருமி, "அண்ணே, பின்னால வழி இருக்கா? ஒண்ணுக்குப் போகணும்" என்றான்.

அந்தச் செருமல் முனீஸ்வரிக்குக் காதில் ஈயம் போல இறங்கியது.

அவன் மெதுவாகப் பாறையைச் சுற்றிப் பின்பக்கம் நகர்ந்தான். அங்கே ஓடை; ஓடைக்கரையில் நிறுத்திய மோட்டார்சைக்கிள். வனத்துறைக்காரருக்குப் போன் அடித்தாள், மலைமேல் சிக்னல் இல்லை. 'ஆந்தைக்குஞ்சு கிடக்குது, எடுங்க' என்று கத்தலாம். கத்தினால், சாமி என்று கும்பிட்டது ஆந்தையையா என்று ஊர் கேட்கும். ஆந்தை வீட்டோரம் அலறினாலே கல்லெடுக்கிற ஊர். கோட்டைத் தாண்டி ஓடலாம். இத்தனை பேர் முன்னால் தீட்டென்று இழுத்துப் போட்டுவிடுவார்கள். அதற்குள் அவன் சாக்கைக் கட்டிவிடுவான். யாராலும் தடுக்க முடியாமல் அந்தக் கோட்டைத் தாண்டக்கூடிய ஆள் இந்த ஊரில் இரண்டே வகை. ஒன்று கோடாங்கி. மற்றது, சாமி வந்தவர்.

அவளுக்கு ஒருநாளும் சாமி வந்ததில்லை. எப்படித் தொடங்கும் என்று கவனித்ததும் இல்லை. முடியும்போது தண்ணீர் கேட்பார்கள் என்பது மட்டும் தெரியும். பொய்யாகச் சாமி ஆடினால் குலம் விளங்காது என்று அவள் அம்மா சொன்னது ஞாபகம் வந்து கால் நடுங்கியது. சரி, நடுங்குகிற காலையே முதலாக வைத்துக்கொண்டாள். கொண்டையை அவிழ்த்தாள். "ஏய்" என்றாள். அது தனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை அடிவயிற்றிலிருந்து "ஏஏய்" என்று போட்டாள்.

கொட்டு நின்றது. ராஜபாண்டி கையிலிருந்த தேங்காயைக் கீழே போட்டான்.

முத்துக்கருப்பன் விபூதித் தட்டோடு வந்து எதிரே நின்றார். "வந்திருக்கிறது யாரு?"

"பொதிப்பாறையான்டா."

"பொதிப்பாறையான்னா கையை நீட்டு."

உள்ளங்கையில் கட்டிக் கற்பூரம் வைத்துக் கொளுத்தினார். முனீஸ்வரி நெருப்பைப் பார்க்கவில்லை; அவர் தோளுக்குப் பின்னால், பாறையின் ஓரத்தில் மறைகிற கட்டம்போட்ட சட்டையைப் பார்த்தாள். அந்தப் பயத்தில் கை சுடுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

"சத்தம் ஆகாதுன்னு சொன்னேனா இல்லையாடா? வேட்டு எவன்டா போட்டது? வைகாசி முடிய என் எல்லையில மூச்சுச் சத்தம் கேக்கப்படாது. மைக்க நிறுத்து."

கர்ணன் வயரையே பிடுங்கிவிட்டான்.

"பின்னால ஒருத்தன் நிக்கிறான். சாக்கோட வந்திருக்கான். என் எல்லையில காலை வைக்கப் போறான். அவனத் திரும்பிப் பாக்காமப் போகச் சொல்லு."

கூட்டம் அப்படியே திரும்பியது. நாலைந்து பேர் பின்பக்கம் ஓடினார்கள். "ஏலே, யார்ரா நீ? இங்கன என்னடா சோலி?" என்று ஒரு குரல். உடனே முனீஸ்வரிக்கு வேறொரு பயம் பிடித்தது. தன் வாயால் ஒருத்தன் அடிபட்டுச் செத்துவிடக் கூடாதே. "அவன் மேல எவனும் கை வைக்கப்படாது. வச்சா எனக்கு ஆகாது" என்று கத்தினாள். குரல் நிஜமாகவே உடைந்தது. கொஞ்ச நேரத்தில் மோட்டார்சைக்கிள் கிளம்பி ஓடைக்கல்லில் தடதடத்துப் போகிற சத்தம் கேட்டது.

கோடாங்கியின் தோளில் கிடந்த துண்டை உருவிக்கொண்டு அவள் கோட்டைத் தாண்டினாள். உடைமுள் கையைக் கிழித்தது. புதருக்குள் பஞ்சுருண்டை இறக்கையைக் குடைபோல் விரித்து, அலகைச் சொடுக்கிச் சொடுக்கி அவளைப் பயமுறுத்தியது. துண்டைப் போட்டு மூடி அள்ளினாள். அது மணிக்கட்டில் நகத்தை இறக்கியது. பாறையின் பின்சரிவில் ஏறும்போது கீழே பெண்கள் குலவையைத் தொடங்கினார்கள்.

"குலவையும் சத்தம்தான்டி" என்றாள் மேலிருந்து.

அதற்கப்புறம் ஈ பறந்தால் கேட்கும். குஞ்சை மற்றதன் பக்கத்தில் இறக்கிவிட்டாள். அது இரண்டடி நடந்து, உடம்பை உதறி, தன் அண்ணனோ தம்பியோ அதன் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டது. அந்த நேரம் பார்த்துக் கீழே முதல் பானை பொங்கி வழிந்தது. என்ன செய்வது என்று எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஊரே, ஆளுக்கு ஆள் காதோடு ரகசியம் சொல்வது போல், "பொங்கலோ பொங்கல்" என்று கிசுகிசுத்தது.

முனீஸ்வரி இறங்கி வந்து தண்ணீர் கேட்டாள்.

உள்ளங்கை வீட்டுக்கு வந்த பிறகுதான் எரிந்தது. ராஜபாண்டி சோற்றுக்கற்றாழையை வெட்டித் தடவிவிட்டான். "இம்புட்டு வருசமா ஒரு சாமி கூடயா குடும்பம் நடத்துனேன்" என்றான். கேலியாகத்தான் தொடங்கினான்; பாதியில் அவனுக்கே குரல் இறங்கிவிட்டது. உண்மையைச் சொன்னாள். நம்பினானா என்று தெரியவில்லை. அன்றிலிருந்து அவளிடம் காபி சூடில்லை என்று சொல்வதை விட்டுவிட்டான்.

தாய் திரும்பி வந்ததா என்பதுதான் அவளைத் தின்றது. அந்தி மயங்குகிற நேரத்தில் ஓடைக்கரையில் நின்றாள். முதல் நாள் வரவில்லை. மறுநாள் பாறை உச்சியில் கொம்பு இரண்டு தெரிந்தது. காலில் ஒரு எலி. நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். இருந்தும் பயம் விட்டபாடில்லை. புது எண்ணிலிருந்து போன் வந்தால் எடுக்காமல் விட்டாள். வேலைக்குப் போன இடத்திலெல்லாம் வேறு தொல்லை. சுப்புத்தாய், "மாத்திரை எதுக்குத்தா, ஒங்கையால விபூதி குடு" என்று நீட்டின கையை மடக்கவில்லை. முனீஸ்வரி கண்ணை உருட்டி, "மாத்திரையைப் போடுன்னு உத்தரவு" என்றாள். சுப்புத்தாய் கன்னத்தில் போட்டுக்கொண்டு விழுங்கினாள். செய்கிறது பாவமா புண்ணியமா என்று முனீஸ்வரிக்கு அன்றைக்கு முழுக்கப் பிடிபடவில்லை.

வைகாசி பிறந்து, காற்று திரும்பியது. ஒரு காலையில் பொதிப்பாறையை அண்ணாந்து பார்த்தாள். இடுக்கு காலி.

பின்பக்கம் ஏறிப் பார்த்தாள். எலும்புத்துண்டுகள், எச்சம், கொஞ்சம் இறகு. பறந்ததற்கும் அடையாளம் இல்லை, பிடித்ததற்கும் அடையாளம் இல்லை. ஓடையில் சக்கரத்தடம் தேடினாள். இரவு பெய்த தூறல் எல்லாவற்றையும் அழித்திருந்தது. வண்டியை எடுத்துக் கோடாங்கி வீட்டுக்கு விட்டாள். வழியெல்லாம் நீலவரியன்கள் சாலையைக் குறுக்கே கடந்துகொண்டிருந்தன, நூறு நூறாக, முகத்தில் மோதுகிற அளவுக்கு. வேறு வருஷமாய் இருந்தால் வண்டியை ஓரங்கட்டியிருப்பாள். இன்றைக்குக் கையால் விலக்கிக்கொண்டே போனாள்.

முத்துக்கருப்பன் வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னத்தா, மிசின் பாக்குற நாள் இல்லையே" என்றார்.

"மாமா, பாறைப் பக்கம் யாரும் வந்தாகளா? நேத்து, முந்தாநேத்து?"

"எதுக்குக் கேக்குற?"

அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது.

அவர் வாயைக் கொப்பளித்துத் துப்பினார். "கோடாங்கி துண்டை உருவிட்டுப் போன சாமி, திருப்பிக் குடுக்கையில அதுல பஞ்சும் பீயுமாக் குடுத்துச்சு. எம் பொண்டாட்டி மூணு தண்ணியில அலசுனா. அன்னைக்கே நான் போய் ஏறிப் பாத்தேன்."

முனீஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். "பொய்யாத்தான் ஆடுனேன், மாமா. சாமி குத்தம் ஆயிருமா?"

"பொய்யா நெசமான்னு நான் சொல்ல முடியாது. கற்பூரம் அணையுற மட்டும் நீ கையை இழுக்கல. ஆட்டுக்குட்டிக்கும் கோழிக்குஞ்சுக்கும் எறங்குற சாமி ஆந்தைக்குஞ்சுக்கு எறங்காதா?" துண்டை எடுத்துத் தோளில் போட்டார். "வா, வெரசா வா."

ஓடைக்கு அக்கரையில் பெரிய இலவமரம். காய் பறித்து முடித்து, புதுத் தளிர் விட்டிருந்தது. அவர் கை காட்டிய கிளையில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் ஒன்று தெரிந்தது. பஞ்செல்லாம் உதிர்ந்து, காது நுனியில் சின்னதாய்க் கொம்பு முளைக்கப் பார்க்கிற பழுப்பு உருவம்.

"ஒண்ணுதான் இருக்கு. இன்னொண்ணு எங்க மாமா?" அவள் இரண்டடி முன்னால் போனாள். "விழுந்துச்சே, அதைத்தான் காணோம். அதுக்குக் கால்ல அடிபட்டிருந்துச்சோ என்னமோ."

"பொறுத்தா. மேல பாரு. நேத்து அது அங்கன இருந்து என்னைய முறைச்சுச்சு."

கிளை கிளையாகப் பார்த்தாள். ஒரு கொண்டலாத்தி எழுந்து பறந்தது. அணில் ஒன்று கத்தியது. உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு தளிர்க்கொத்து அசைந்து, அதற்குள்ளிருந்து செங்கல் நிறத்தில் இரண்டு கண் திறந்தன. அந்தக் கண்ணுக்கு முனீஸ்வரி மேல் நன்றியும் இல்லை, ஒன்றும் இல்லை. அலகை ஒரு தரம் சொடுக்கியது. இறக்கையை விரித்து அடுத்த கிளைக்குத் தாவி, தடுமாறி, பிடித்துக்கொண்டது.

அவள் விட்ட மூச்சு முத்துக்கருப்பனுக்கே கேட்டது.

பிறகு அவர் மெதுவாகக் கேட்டார். "அடுத்த வருசமும் இங்கனதான் முட்டை போடுமா?"

"வழக்கமா ஒரே எடத்துலதான் போடும்னு சொல்றாக."

"ஊர்ல இப்பவே அடுத்த வருசப் பொங்கலுக்கு நாடகம் வைக்கணும், வாணவேடிக்கை விடணும்னு பேசிக்கிறாக. கர்ணன் பயல் ரெண்டு குழாயாக் கட்டுறேங்கிறான்." அவர் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதுக்குள்ள, பொங்கல வைகாசிக்குத் தள்ளி வை, சத்தமில்லாம வைன்னு நீ ஒருக்காச் சாமியாடிப்புடு. வர்ற ஆடி வெள்ளி தோதாருக்கும்."

"அய்யோ மாமா, இன்னொருக்கா கற்பூரம் ஏந்த என்னால ஆகாது."

"சின்னக் கட்டியா வைக்கிறேன்த்தா."